அடிபட்ட கார் எங்கே போக வேண்டும்? ஷோரூமா, பட்டறையா?

சென்னை வடபழனி சிக்னல். மாலை ஆறரை மணி. முன்னால் போன மாநகரப் பேருந்து சட்டென்று நிற்க, பின்னால் வந்த கார் அதன் மீது மோதி விடுகிறது. நல்ல வேளை, யாருக்கும் காயமில்லை. ஆனால் பம்பர் உடைந்து தொங்குகிறது. போனட் மடங்கி விட்டது. காரின் சொந்தக்காரர் என்ன செய்வார்? முதல் போன் வீட்டுக்கு. இரண்டாவது போன் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு. மூன்றாவது போன் கார் வாங்கிய ஷோரூமுக்கு.

"கவலைப்படாதீங்க சார். டோ வண்டி அனுப்பி வைக்கிறோம். வண்டியை இங்கே விட்டுடுங்க, மத்ததை நாங்க பாத்துக்கிறோம். இன்சூரன்ஸ் தானே சார், உங்களுக்கு என்ன செலவு?"

இந்தப் பதிலைக் கேட்டதும் அவருக்குப் பெரிய நிம்மதி. பத்து நிமிடத்தில் முடிவு எடுத்தாகி விட்டது. ஆனால் உண்மையில் அந்த முடிவை எடுத்தவர் யார்? காரின் சொந்தக்காரரா, போனின் மறுமுனையில் பேசியவரா?

இன்சூரன்ஸ் பணத்தில் காரைப் பழுது பார்க்கும்போது எங்கே கொடுப்பது என்ற கேள்விக்குப் பொதுவாக இரண்டு பதில்கள் உண்டு. "எப்போதும் ஷோரூம்தான், அங்கேதான் ஒரிஜினல் ஸ்பேர் போடுவார்கள்" என்பது ஒரு கட்சி. "ஷோரூம் எல்லாம் கொள்ளை, நம்ம மெக்கானிக்கே போதும்" என்பது இன்னொரு கட்சி. இரண்டுமே முழு உண்மை அல்ல. என்ன அடி, எத்தனை வயது கார், என்ன பாலிசி ஆகிய மூன்றையும் பார்த்துத்தான் இதை முடிவு செய்ய வேண்டும். அந்த முடிவை எடுக்கும் உரிமை காரின் சொந்தக்காரருக்கே உரியது. இதை அறியாமல் இருப்பதால்தான் பலர் பணத்தை இழக்கிறார்கள். சிலர் பாதுகாப்பையே இழக்கிறார்கள்.

உரிமை யாருக்கு?

கார் இன்சூரன்ஸ் பாலிசியைப் படித்துப் பார்ப்பவர்கள் மிகக் குறைவு. படித்துப் பார்த்தால் ஒன்று தெரியும். விபத்து நடந்தால் கம்பெனிக்கு உடனே தெரிவிக்க வேண்டும், சர்வேயர் பார்ப்பதற்கு முன் வண்டியைப் பிரிக்கக் கூடாது என்றெல்லாம் அதில் இருக்கும். "கார் விற்ற டீலரிடம்தான் பழுது பார்க்க வேண்டும்" என்று வழக்கமான பாலிசியில் இருக்காது.

நடைமுறையில் இரண்டு வழிகள் உள்ளன. முதலாவது 'கேஷ்லெஸ்'. இன்சூரன்ஸ் கம்பெனி ஒப்பந்தம் போட்டு வைத்திருக்கும் இடத்தில் வண்டியை விட்டால், கம்பெனி தன் பங்கை நேரடியாக அங்கேயே கொடுத்து விடும். சொந்தக்காரர் தன் பங்கை மட்டும் கட்டினால் போதும். இரண்டாவது, முதலில் கையிலிருந்து கட்டி விட்டுப் பிறகு பில்லைக் கொடுத்துத் திரும்பப் பெறுவது. ஒப்பந்தம் இல்லாத பட்டறைக்கு இந்த இரண்டாவது வழி.

கேஷ்லெஸ் என்றாலே ஷோரூம்தான் என்று பலர் நினைத்துக் கொண்டிருக்கிறார்கள். இது தவறு. எல்லா கம்பெனி கார்களையும் பார்க்கும் பெரிய தனியார் பட்டறைகள் பலவும் இன்சூரன்ஸ் கம்பெனிகளின் பட்டியலில் இருக்கின்றன. அந்தப் பட்டியல் கம்பெனியின் இணையதளத்திலேயே கிடைக்கும். விபத்து நடந்த பிறகு நடுரோட்டில் நின்று கொண்டு தேடுவதை விட, பாலிசி எடுக்கும் அன்றே அதை ஒரு முறை பார்த்து வைப்பது நல்லது.

இன்னொரு விஷயத்தையும் கவனிக்க வேண்டும். இன்று டீலருக்கு மூன்று வேடம். காரை விற்பவர் அவரே. இன்சூரன்ஸ் விற்பவரும் அவரே. அடிபட்டால் பழுது பார்த்து அதே இன்சூரன்ஸ் கம்பெனிக்கு பில் போடுபவரும் அவரே! இதனால்தான் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம், இன்சூரன்ஸ் விற்கும் வாகன டீலர்களுக்கென்று 2017-ல் தனியாக விதிமுறைகள் கொண்டு வந்தது. டீலர்கள் எல்லோரும் மோசமானவர்கள் என்பதல்ல இதன் பொருள். ஆனால் மூன்று இடத்திலும் லாபம் பார்க்கும் ஒருவர் "இங்கேயே விடுங்க" என்று சொன்னால், அதை அறிவுரை என்று மட்டும் எடுத்துக் கொள்ள முடியாது. அது வியாபாரமும்கூட.

வாரண்டி என்ற பூச்சாண்டி

"வெளியே கொடுத்தால் வாரண்டி போய்விடும்" என்ற ஒரு வாக்கியம் போதும், கார் வைத்திருப்பவர் அடுத்த கேள்வி கேட்க மாட்டார். இந்தப் பயத்தில் எவ்வளவு உண்மை?

இந்திய போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25 அன்று ஒரு முக்கியமான உத்தரவு போட்டது. ஸ்பேர் பார்ட்ஸ்களையும், பழுது பார்க்கத் தேவையான கருவிகளையும் தகவல்களையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்காமல் செய்கிறார்கள் என்ற புகாரின் பேரில் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின, வழக்கு நீண்டது என்பது வேறு கதை. ஆனால் அந்த உத்தரவில் சொல்லப்பட்ட ஒரு கருத்து மிக நியாயமானது. வெளியே பழுது பார்த்தார் என்ற ஒரே காரணத்துக்காக ஒட்டுமொத்தமாக வாரண்டியை ரத்து செய்வதாக நிபந்தனை போடக் கூடாது. வெளியே செய்த தவறான வேலையால் ஏற்பட்ட கோளாறுக்கு மட்டும்தான் வாரண்டியை மறுக்கலாம்.

இது இந்தியாவில் மட்டும் எழுந்த பிரச்சினை அல்ல. அமெரிக்காவில் 1975-லேயே வாரண்டிக்கான ஒரு மத்திய சட்டம் வந்தது. குறிப்பிட்ட பிராண்டு பாகத்தையோ சேவையையோ பயன்படுத்தினால்தான் வாரண்டி என்று கட்டாயப்படுத்துவதை அது பொதுவாகத் தடை செய்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2002-ல் கொண்டு வந்த விதிமுறை, தனியார் பட்டறைகளுக்கும் தொழில்நுட்பத் தகவல் கிடைக்க வழி செய்தது. 2012-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் மக்கள் ஓட்டுப் போட்டே கார் பழுது பார்க்கும் உரிமையை நிலைநாட்டினார்கள். இந்தியாவிலும் 2022-ல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 'பழுது பார்க்கும் உரிமை'க்காக ஒரு குழு அமைத்து, அதே ஆண்டு டிசம்பரில் அதற்கென ஓர் இணையதளத்தையும் தொடங்கியது. அதில் வாகனத் துறையும் ஒன்று.

ஆக, கதவில் விழுந்த ஒடுக்கை வெளியே எடுத்ததற்காக இன்ஜின் வாரண்டி போய்விடும் என்று யாராவது சொன்னால், "எழுத்தில் கொடுங்கள்" என்று கேட்கலாம். பெரும்பாலும் பேச்சு அத்தோடு முடிந்து விடும்.

ஆனால் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். வாரண்டியில் உள்ள காரின் வயரிங், இன்ஜின், கியர்பாக்ஸ் போன்றவற்றில் வெளி ஆள் கை வைத்து, பிறகு அதே இடத்தில் கோளாறு வந்தால், தவறு யாருடையது என்று நிரூபிப்பது பெரும்பாடு. சட்டம் பக்கத்தில் இருந்தாலும் அலைச்சல் சொந்தக்காரருக்குத்தான். எனவே வாரண்டி உள்ள காலத்தில் இது போன்ற வேலைகளுக்கு டீலரிடம் போவதே புத்திசாலித்தனம்.

"இன்சூரன்ஸ் தானே!" - யார் வீட்டுப் பணம்?

இனி அந்தப் பிரபலமான வாக்கியத்துக்கு வருவோம். "இன்சூரன்ஸ் தானே சார், உங்களுக்கு என்ன செலவு?" செலவு உண்டு. அதுவும் பில் பெரிதாக ஆக ஆக, சொந்தக்காரரின் பங்கும் பெரிதாகிறது. காரணம் தேய்மானம்.

சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர், நைலான் பாகங்கள், டயர், பேட்டரி, ஏர்பேக் ஆகியவற்றுக்கு 50 சதவீதம் தேய்மானம் கழிக்கப்படும். ஃபைபர் பாகங்களுக்கு 30 சதவீதம். கண்ணாடிக்குத் தேய்மானம் இல்லை. இரும்பு பாகங்களுக்கு காரின் வயதைப் பொறுத்துக் கழிவு. ஆறு மாதம் வரை ஒன்றுமில்லை. ஓராண்டு வரை 5, இரண்டாண்டு வரை 10, மூன்றாண்டு வரை 15, நான்காண்டு வரை 25, ஐந்தாண்டு வரை 35, பத்தாண்டு வரை 40, அதற்கு மேல் 50 சதவீதம். பெயிண்ட் வேலையில் மொத்த பில்லின் 25 சதவீதத்தைப் பொருள் செலவு என்று எடுத்துக் கொண்டு அதில் பாதியைக் கழிப்பார்கள். இவை போக, கட்டாயமாகச் சொந்தக்காரர் கட்ட வேண்டிய தொகை ஒன்று உண்டு. பொதுவாக 1500 சி.சி. வரை 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000 ரூபாய்.

வடபழனியில் மோதிய காருக்கு மூன்றரை வயது, 1200 சி.சி. என்று வைத்துக் கொண்டு ஒரு கணக்குப் போடலாம். வரியை விட்டுவிடுவோம். தொகைகள் கற்பனைதான், ஆனால் கணக்கு முறை உண்மையானது.

ஷோரூமில் அடிபட்டதை எல்லாம் புதிதாக மாற்றுகிறார்கள். பிளாஸ்டிக் பாகங்கள் 16,000, போனட், ஃபெண்டர் போன்ற இரும்பு பாகங்கள் 14,000, பெயிண்டிங் 12,000, கூலி 8,000. மொத்தம் 50,000 ரூபாய். சொந்தக்காரர் பங்கு எவ்வளவு? பிளாஸ்டிக்கில் பாதி 8,000. இரும்பில் 25 சதவீதம் 3,500. பெயிண்டில் 1,500. கட்டாயத் தொகை 1,000. கூட்டினால் 14,000 ரூபாய்.

நல்ல தனியார் பட்டறையில் போனட்டைத் தட்டி நேராக்குகிறார்கள். ஒரு பிளாஸ்டிக் பாகத்தை ஒட்டவைத்துச் சரி செய்கிறார்கள். மாற்ற வேண்டியதை மட்டும் கம்பெனி ஸ்பேரில் மாற்றுகிறார்கள். பிளாஸ்டிக் 10,000, இரும்பு 4,000, பெயிண்டிங் 9,000, டிங்கரிங் கூலியோடு சேர்த்து 7,000. மொத்தம் 30,000 ரூபாய். சொந்தக்காரர் பங்கு 5,000, 1,000, 1,125, 1,000. கூட்டினால் 8,125 ரூபாய். வித்தியாசம் 5,875 ரூபாய்! "உங்களுக்கு என்ன செலவு" என்ற கேள்விக்கு இதுதான் பதில்.

'பம்பர் டு பம்பர்' என்று சொல்லப்படும் ஜீரோ டெப்ரிசியேஷன் பாலிசி இருந்தால் இந்தக் கணக்கு மாறிவிடும். தேய்மானத்தைக் கம்பெனியே ஏற்கும் என்பதால் சொந்தக்காரர் பங்கு ஏறக்குறைய கட்டாயத் தொகையோடு நின்று விடும். அப்படிப்பட்டவருக்கு ஷோரூமும் பட்டறையும் செலவில் கிட்டத்தட்ட ஒன்றுதான். அவர் வேலையின் தரத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யலாம். ஆனால் இந்தப் பாலிசி பெரும்பாலும் புதிய கார்களுக்குத்தான் கிடைக்கும். ஆண்டுக்கு இத்தனை முறைதான் கேட்கலாம் என்ற வரம்பும் பல கம்பெனிகளில் உண்டு.

கிளெய்ம் செய்யாமலே இருக்கலாமா?

மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது. அதை யாரும் சொல்வதில்லை, ஏனென்றால் அதில் யாருக்கும் லாபமில்லை. கிளெய்ம் செய்யாமல் விடுவதுதான் அது.

தொடர்ந்து கிளெய்ம் செய்யாதவருக்குச் சொந்த சேதத்துக்கான பிரீமியத்தில் 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஆண்டுக்கு ஆண்டு தள்ளுபடி ஏறும். ஒரே ஒரு கிளெய்ம் செய்தால் அது பூஜ்யத்துக்கு வந்து விடும். 50 சதவீதத் தள்ளுபடியில் இருப்பவரின் சொந்த சேத பிரீமியம் தள்ளுபடிக்கு முன் 8,000 ரூபாய் என்று வைத்துக் கொள்வோம். கிளெய்ம் செய்த பிறகு வரும் ஐந்து புதுப்பித்தல்களில் அவர் இழப்பது முறையே 4,000, 2,400, 2,000, 1,200, 400 ரூபாய். மொத்தம் 10,000 ரூபாய். ஆண்டுதோறும் காரின் மதிப்பு குறைவதால் பிரீமியமும் கொஞ்சம் குறையும், எனவே இழப்பும் சற்றுக் குறையலாம். இருந்தாலும் 7,000 ரூபாயில் முடியும் ஒரு கதவு ஒடுக்குக்காக கிளெய்ம் போடுவது, ஆதாயத்தைத் தேடிப் போய் முதலை இழந்த கதைதான். தள்ளுபடியைக் காக்கும் கூடுதல் பாதுகாப்பு எடுத்தவர்கள் மட்டும் இதிலிருந்து தப்பலாம்.

பழைய கார் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. பழுது பார்க்கும் செலவு, பாலிசியில் எழுதியிருக்கும் காரின் மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால், காரை 'முழு நஷ்டம்' என்று கணக்கில் எடுத்துக் கொள்வார்கள். மதிப்பு 2 லட்சம் என்றால் எல்லை 1.5 லட்சம். ஷோரூம் எஸ்டிமேட் 1.6 லட்சம் என்று வந்தால் கார் கையை விட்டுப் போகலாம். அதே காரை ஒரு திறமையான பட்டறை 90,000 ரூபாயில் ஓட வைத்து விடக்கூடும். எட்டு ஆண்டு பார்த்துப் பார்த்துப் பராமரித்த காரை, எஸ்டிமேட் போட்ட இடம் காரணமாகவே இழப்பது எவ்வளவு பெரிய கொடுமை!

ஷோரூமுக்குத்தான் போக வேண்டிய அடி

இதுவரை படித்தவர்கள் பட்டறைதான் எப்போதும் நல்லது என்ற முடிவுக்கு வந்து விடக் கூடாது. உயிர் சம்பந்தப்பட்ட சில வேலைகள் இருக்கின்றன.

ஏர்பேக் வெடித்த கார் முதலாவது. 2019 ஜூலை முதல் இந்தியாவில் புதிய கார்களில் ஓட்டுநர் ஏர்பேக் கட்டாயம். ஏர்பேக் வெடித்தால் பையை மட்டும் மாற்றினால் போதாது. அதை இயக்கும் கட்டுப்பாட்டுக் கருவி, மோதலை உணரும் சென்சார்கள், மோதும் நொடியில் பெல்ட்டை இறுக்கும் சாதனம் என்று எல்லாவற்றையும் கம்பெனி முறைப்படி சோதித்து, தேவையானதை மாற்ற வேண்டும். டாஷ்போர்டில் எரியும் எச்சரிக்கை விளக்கை மட்டும் அணைத்துக் கொடுத்து அனுப்பும் ஆட்களும் இருக்கிறார்கள். அடுத்த விபத்தில்தான் அந்த ஏமாற்று வேலை தெரிய வரும். அப்போது தெரிந்து என்ன பயன்?

இரண்டாவது, பாடியின் எலும்புக்கூடு வளைந்த கார். இன்றைய கார்களில் தனியாகச் சேசிஸ் என்று ஒன்று பெரும்பாலும் இல்லை. பாடி முழுவதுமே ஒரே கூடு. முன்புறத் தாங்கிகள் வளைந்திருந்தால், இழுத்து நேராக்கும் மேடையும் அளவு பார்க்கும் கருவியும் வேண்டும். கண்ணால் பார்த்து நேராக்கினால் கார் ஒரு பக்கமாக இழுக்கும், டயர் சீக்கிரம் தேயும், அடுத்த மோதலில் கூடு எதிர்பார்த்தபடி மடங்காது. இந்த வசதி உள்ள தனியார் பட்டறைகளும் உண்டு. அது இருக்கிறதா என்று பார்த்து விட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

மூன்றாவது, கேமரா, ரேடார் வைத்துத் தானே பிரேக் போடும் வசதியுள்ள கார்கள். பம்பருக்குப் பின்னால் அல்லது முன் கண்ணாடியில் அந்தக் கருவிகள் இருக்கும். அவற்றைக் கழற்றி மாட்டிய பிறகு மறுபடி அளவு சரி செய்ய வேண்டும். நான்காவது, எலக்ட்ரிக் கார்களும் ஹைபிரிட் கார்களும். பல நூறு வோல்ட் மின்சாரம் ஓடும் வண்டியில் அரைகுறைப் பயிற்சியோடு கை வைப்பது, வேலை செய்பவருக்கே ஆபத்து.

இப்படிப்பட்ட அடிக்கு ஐயாயிரம் மிச்சம் என்று கணக்குப் பார்ப்பது அறிவீனம்.

பட்டறையின் பெருமையும் குறையும்

மற்ற எல்லா வேலைக்கும்? ஒடுக்கு எடுப்பது, பெயிண்ட், பம்பர், லைட், கதவு, வாரண்டி முடிந்த காரின் சஸ்பென்ஷன், ரேடியேட்டர்... இவற்றில் நல்ல தனியார் பட்டறை ஷோரூமுக்குக் குறைந்தது அல்ல. அங்கே இருக்கும் மூத்த மெக்கானிக் பல ஆண்டுகள் ஷோரூமில் வேலை பார்த்து விட்டு வெளியே வந்து கடை போட்டவராக இருப்பார். ஒரு கதவை உள்ளிருந்து தட்டி, கையால் தடவிப் பார்த்தே மேடுபள்ளம் சொல்லும் டிங்கர்கள் இருக்கிறார்கள். வேலை செய்பவரோடு நேரில் பேச முடியும். "ஏன் இதை மாத்தணும்?" என்று கேட்டால், கழற்றிய பாகத்தைக் கையில் எடுத்துக் காட்டுவார். ஷோரூமில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் சோபாவில் உட்கார்ந்து காபி குடிக்கலாம். வண்டியில் கை வைத்தவர் யார் என்பது கடைசி வரை தெரியாது.

சென்னையில் 2015 டிசம்பர் வெள்ளத்தின்போதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தண்ணீரில் மூழ்கிய கார்கள் சர்வீஸ் சென்டர் வாசல்களில் வரிசை கட்டி நின்றன. மூழ்கிய காரில் ஒவ்வொரு நாளும் முக்கியம். சீட்டும் தரைவிரிப்பும் ஊறிக் கிடக்க, வயரிங் இணைப்புகளில் துரு ஏறிக் கொண்டே போகும். அப்படிப்பட்ட நேரத்தில் சர்வேயரை வரவழைத்துப் பார்க்கச் செய்து, இன்சூரன்ஸ் கம்பெனியின் ஒப்புதலோடு உடனே பிரித்துக் காய வைக்கும் பட்டறை, வரிசையில் காத்திருக்க வைக்கும் ஷோரூமை விட மேல். (தண்ணீர் புகுந்த காரை ஸ்டார்ட் செய்து பார்ப்பது மட்டும் கூடவே கூடாது. அப்படிச் செய்து இன்ஜின் உடைந்தால், இன்ஜினுக்கான கூடுதல் பாதுகாப்பு எடுக்காதவருக்குப் பணம் கிடைப்பது மிகக் கடினம்.)

ஆனால் பட்டறைகளின் குறைகளை மூடி மறைக்கக் கூடாது. தகரத்தை நேராக்காமல் பட்டியைக் கனமாக அப்பிப் பெயிண்ட் அடிப்பது, கம்பெனி ஸ்பேருக்குப் பணம் வாங்கிக் கொண்டு டூப்ளிகேட் போடுவது, ஜி.எஸ்.டி. பில் இல்லை என்பது, சொன்ன நாளில் தராமல் இழுத்தடிப்பது எல்லாம் நடக்கிறது. ஒழுங்கான பில் இல்லை என்றால் இன்சூரன்ஸ் பணம் திரும்பக் கிடைப்பதும் கஷ்டம்.

எல்லாவற்றையும் விட மோசமானது இன்னொன்று. "சார், பில்லைக் கொஞ்சம் ஏத்திப் போட்டுடலாம். உங்க பங்கும் அதுல வந்துடும். பின்பக்க பழைய கீறலையும் சேர்த்துடலாம்." கேட்க இனிக்கும். ஆனால் இது மோசடி. சர்வேயர் கண்டுபிடித்தால் முழு கிளெய்மும் போய்விடலாம். கண்டுபிடிக்காவிட்டாலும், அந்தப் பணம் எல்லோருடைய பிரீமியத்திலிருந்தும்தான் வருகிறது. மாற்றாத பாகத்தை மாற்றியதாக பில் போடுவது ஷோரூமில் நடந்தாலும் சரி, பட்டறையில் நடந்தாலும் சரி, இரண்டும் ஒரே தவறுதான்.

முன்கூட்டியே கேட்க வேண்டிய கேள்விகள்

விபத்து நடந்த பதற்றத்தில் யாராலும் நிதானமாக யோசிக்க முடியாது. எனவே பாலிசி புதுப்பிக்கும் நாளிலேயே சில கேள்விகளுக்குப் பதில் தெரிந்து வைத்துக் கொள்ள வேண்டும். வாரண்டி எப்போது முடிகிறது? பாலிசியில் தேய்மானம் கழிப்பார்களா, மாட்டார்களா? இப்போதுள்ள தள்ளுபடி எத்தனை சதவீதம்? வீட்டுக்குப் பக்கத்தில் கேஷ்லெஸ் பட்டியலில் உள்ள தனியார் பட்டறை எது? அங்கே ஜி.எஸ்.டி. பில்லும், செய்த வேலைக்கு எழுத்தில் உத்தரவாதமும் தருவார்களா?

விபத்துக்குப் பிறகு அவசரமில்லை என்றால் இரண்டு இடத்தில் எஸ்டிமேட் கேட்கலாம். சர்வேயர் வரும்போது கூடவே நிற்பது நல்லது. எதை மாற்ற ஒப்புக் கொண்டார், எதைச் சரி செய்யச் சொன்னார் என்பதை அப்போதே கேட்டுத் தெரிந்து கொள்ளலாம். சர்வே அறிக்கையின் நகலையும் கேட்டு வாங்கலாம். மாற்றிய பழைய பாகங்களைக் கண்ணால் பார்க்க வேண்டும், புதிய பாகங்களின் பில்லைச் சரி பார்க்க வேண்டும். கம்பெனியோடு தகராறு வந்தால் முதலில் அதன் குறை தீர்க்கும் பிரிவு, பிறகு இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன் அல்லது நுகர்வோர் நீதிமன்றம் என்று வழிகள் இருக்கின்றன.

பட்டறைகளுக்கும் ஒரு வார்த்தை. சென்னை புதுப்பேட்டையும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடும், ஊர் ஊருக்கு இருக்கும் சின்னச் சின்னப் பட்டறைகளும் எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போடுகின்றன. இன்சூரன்ஸ் வேலை எல்லாம் ஷோரூமுக்கே போய்ச் சேர்ந்தால், இந்தப் பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடப்படும். பிறகு வாரண்டி முடிந்த எட்டு வயதுக் காரை எங்கே கொண்டு போவது? போட்டி இல்லாத இடத்தில் சொன்னதுதான் விலை. ஆனால் அனுதாபத்துக்காக யாரும் காரைக் கொண்டு வந்து விட மாட்டார்கள். ஒழுங்கான பில், எழுத்தில் உத்தரவாதம், புதிய தொழில்நுட்பத்தில் பயிற்சி, முடியாத வேலையை "இது நம்மால ஆகாது சார், ஷோரூமுக்குக் கொண்டு போங்க" என்று சொல்லும் நேர்மை ஆகியவை இருந்தால் வாடிக்கையாளர் தானாக வருவார்.

மீண்டும் வடபழனி சிக்னலுக்கு வருவோம். ஏர்பேக் வெடிக்கவில்லை. கூடு வளையவில்லை. காருக்கு மூன்றரை வயது. பாலிசியில் தேய்மானம் உண்டு. இவ்வளவும் தெரிந்திருந்தால் அந்தச் சொந்தக்காரரின் மூன்றாவது போன் வேறு ஓர் எண்ணுக்குப் போயிருக்கும். அல்லது, எல்லாம் தெரிந்த பிறகும் அவர் ஷோரூமையே தேர்ந்தெடுத்திருக்கலாம். அதுவும் தவறல்ல, ஏனென்றால் அது அவர் எடுத்த முடிவாக இருந்திருக்கும். "இன்சூரன்ஸ் தானே" என்று யாரோ சொன்னதற்காகச் சாவியைக் கொடுத்து விட்டு வருவது மட்டும் முடிவு ஆகாது. பிரீமியம் கட்டுபவர் அவர். மீதிப் பணம் கட்டுபவரும் அவர். நாளை அந்தக் காரில் தன் பிள்ளைகளை உட்கார வைத்து ஓட்டப் போகிறவரும் அவர்தான்!